பூவரசங்கம்பும் பீர்க்கங்கொடியும்

சீன தேசத்தில் நடந்தது என்பார்கள், இல்லை நம்ம பக்கம்தான் என்பார்கள். எங்கேயோ ஒரு தோட்டத்தில், நட்டுவைத்த ஒரு பூவரசங்கம்பைப் பற்றிக்கொண்டு ஒரு பீர்க்கங்கொடி ஏறிக்கொண்டிருந்தது.

கம்புக்கோ பெருமை தாங்கவில்லை. "தங்கச்சி, பிறக்கும்போது எல்லாரும் கோணல்தான். நானும் கோணக்கிளையாத்தான் இருந்தேன். அரிவாள் நாலு போடு போட்ட பிறகுதான் நேரானேன். உள்ளுக்குள்ள நல்லதுன்னு ஒண்ணும் யாருக்கும் கிடையாது."

"எனக்கு ஏறுறதுக்கு யாரும் சொல்லித்தரலையேண்ணே?"

"நான் இல்லாட்டி மண்ணுலதானே ஊர்ந்துக்கிட்டு கிடப்பே!"

கொடி கம்பில் இன்னும் ஒரு சாண் ஏறியது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மாதம் முழுக்க விடவில்லை. மண் கூழாகிப் போனது. கடைசியில் ஒரு நாள் பெருங்காற்றும் கிளம்பியது. கொடியில் ஏழு பிஞ்சுகள் தொங்கின. சேற்றில் விழுந்தால் அத்தனையும் அழுகிவிடும்.

கம்பு பதறியது. "நான் வெட்டுப்பட்ட கட்டை தங்கச்சி, என்னை நம்பாதே. பேசாம வேலிக்குத் தாவிடு!"

"பிடிச்ச பிடியை விட எனக்குத் தெரியாதுண்ணே" என்று கொடி இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

பக்கத்திலிருந்த மூங்கில் குச்சிகள் சாய்ந்தன. பூவரசங்கம்பு குனிந்தது, ஆனால் விழவில்லை.

"தங்கச்சி! கீழே யாரோ என் காலைக் கெட்டியாப் பிடிச்சிருக்காங்க!"

கொடி எட்டிப் பார்த்தது. கம்பின் கணுவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் துளிர்.

"யாரும் பிடிக்கலைண்ணே. நீங்கதான் வேர்விட்டு மண்ணைப் பிடிச்சிருக்கீங்க."