உள்ளே ஆளில்லை

தீர்த்தகிரி, சின்னராஜின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக் கம்பெனி கேட்டோடு சேர்த்து அழுத்தினான். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் கொடிக்கம்போடு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எவனெவன்டா உள்ள வேலை செய்யறான்? மரியாதையா சொல்லு!"

சின்னராஜ் கேன்டீன்காரன், வாயில்லாப் பூச்சி. காலித் தூக்குப் போசி கையில் ஆட, அழாத குறையாகச் சொன்னான். "சாமி சத்தியமா ஒருத்தனும் இல்லண்ணா. செக்யூரிட்டிக்கு டீ குடுத்துட்டு வர்றேன். லைட்டு எரியுது, மிஷினு ஓடுது, ஆளு மட்டும் இல்ல."

"ஆளில்லாம மிஷினு தானா ஓடுதா? யாருக்குடா காது குத்தற?"

தீர்த்தகிரியின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. ஆயுத பூஜைக்குப் பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் திணித்த கம்பெனி, மறுவாரமே காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரையும் வேண்டாமென்று விரட்டிவிட்டது. சூளகிரியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். சரக்கு நின்றால் முதலாளி பேச வருவார். நிற்காவிட்டால் அத்தனை குடும்பமும் நடுத்தெருவில்.

சரக்கோ நிற்கிற வழியாக இல்லை. முன் கேட்டிலும் பின் கேட்டிலும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தார்கள். ஈ காக்கை உள்ளே போகவில்லை. ஆனாலும் கர்நாடகா நம்பர் லாரி தினமும் போலீஸ் காவலோடு தார்ப்பாய் புடைக்க வெளியே வந்து, இவர்கள் முகத்தில் புழுதியை இறைத்துவிட்டுப் போனது.

உள்ளே இருப்பவை பெரிய பெரிய இயந்திரக் கைகள். எடுக்கும், வைக்கும், அவ்வளவுதான். கோணலாக வந்து விழும் இரும்பைப் பார்த்துத் திருப்பிப் பிடிக்க ஒரு மனிதன் நடத்தியாக வேண்டும். அந்த வேலையை வருஷக்கணக்கில் செய்தவனிடம்தான் மிஷின் தானாக ஓடுகிறது என்று கதை விடுகிறான் சின்னராஜ்!

அன்று மதியம் கம்பெனி டிரான்ஸ்பார்மர் வெடித்து, ஜெனரேட்டரும் மக்கர் செய்து, உள்ளே சத்தம் அடங்கியது. பந்தலில் விசிலடித்துக் கொண்டாடினார்கள். அந்தச் சந்தோஷம் டீ நேரம் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. மறுபடியும் கடகடவென்று ஆரம்பித்துவிட்டது.

"போய்த் தொலை!" சின்னராஜைப் பிடித்துத் தள்ளினான் தீர்த்தகிரி. பிறகு கேட்டைப் பார்த்து, உள்ளே இருப்பவனுக்குக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினான். "எந்தக் கருங்காலின்னு தெரியட்டும். அந்தக் கைய முறிச்சு அடுப்புல வெக்கிறேன்!"

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தபோதும் கொதிப்பு அடங்கவில்லை. செருப்பை உதறிய வேகத்தில் அது வாசல் தாண்டிப் போய் விழுந்தது. மனைவி ஜெயப்ரியா களியும் கொள்ளுக் குழம்பும் எடுத்து வைத்தாள்.

"கூட இருந்தே குழி பறிக்கிறானுங்க ஜெயா. நாம வெயில்ல காயறோம், எவனோ ஒரு துரோகி நம்ம வேலையச் செஞ்சு குடுக்கறான். அவனெல்லாம் சோறுதான் திங்கறானா?"

"மொதல்ல நீங்க தின்னுங்க. எனக்கே கை ரெண்டும் விட்டுப் போவுது."

அவள் பேரிகை ரோட்டில் ஒரு மாடியில் நடக்கும் இலவசப் பயிற்சிக்குப் போய் வருகிறாள். கண்ணில் பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டு, கையில் ஒரு கைப்பிடியைக் கொடுத்துவிடுவார்களாம்.

"அவனவன் வயித்துல மண்ணு விழுது, நீ பொம்மை வெச்சு வெளையாடிட்டு வர்றே!"

ஜெயப்ரியாவுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "வெளையாட்டா? ட்ரைனிங் முடிஞ்சா வேலை தர்றேன்னிருக்காங்க. நீங்க பந்தல்லயே உக்காந்திருந்தா வீட்ல ஒல கொதிக்குமா? மத்தியானம் சிஸ்டம் நின்னுபோச்சுன்னு சும்மா உக்கார வெச்சாங்க. அப்புறம் அதுக்கும் சேத்து இடுப்பொடிய வேலை வாங்கிட்டுத்தான் விட்டாங்க."

"அப்பிடி என்னாதான் சொல்லித் தர்றாங்க?" வேண்டாவெறுப்பாகக் கேட்டான்.

"கண்ணாடிய மாட்டுனா ஒரு பெரிய கம்பெனி தெரியுதுங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்ட படமாம், நெசத்துல அப்பிடி ஒரு எடமே கெடையாதாம். தப்புப் பண்ணாலும் யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு மேடம் சொல்லிச்சு. ராட்சசக் கை மாதிரி மிஷினு இருக்குது. நாம பிடியத் திருப்புனா அதுவும் திரும்புது."

களியைப் பிட்ட கை அப்படியே நின்றது.

"இன்னைக்கு என்னைய வேற மிஷினுக்கு மாத்துனாங்க. அந்தப் படம் போட்டவனும் நம்மள மாதிரி சாமி கும்புடறவந்தான் போல. மிஷினுக்குப் பட்டை போட்டு, குங்குமம் வெச்சு, சந்தனத்துல பேருகூட எழுதியிருக்கான்."

தீர்த்தகிரி தட்டைத் தள்ளி வைத்தான். காலையிலிருந்து கொதித்த கோபம் போக்கிடம் தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே முட்டியது. அவளுடைய கைகளையே பார்த்தான்.

"என்னா பேரு?"

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நம்ம பாப்பா பேருங்க, அனுப்ரியான்னு... அப்பிடியே உங்க எழுத்து!"