கையைக் காட்டுங்க

"காலையில எழுந்தா விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்குங்க. வெந்நீர்ல கொஞ்ச நேரம் முக்கி வச்சாத்தான் பிரியுது. பல் விளக்கறதே பெரிய வேலையாப் போச்சு."

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். கேமராவை அணைத்திருந்தாள். திரையில் முகத்துக்குப் பதில் 'துருப்பிடிச்ச கீல்' என்ற பெயர் மட்டும் தெரிந்தது.

முடக்குவாதக்காரர்களுக்காக ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் வாராவாரம் சாயங்காலம் நடத்தும் ஆன்லைன் கூட்டம் அது. வலியை வைத்துக்கொண்டு அன்றாடத்தை ஓட்டுவது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அங்கே யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை.

"கீலம்மா, எனக்கும் அதே கதைதான்," என்றார் 'ரிட்டயர்டு சிங்கம்'. "நேத்து தண்ணி பாட்டில் மூடியைத் திறக்கப் போராடினேன் பாருங்க, திறக்கறதுக்குள்ள தாகமே போயிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது. பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்ற கால்கள் கெஞ்சின. மடியில் கணவரின் யூனிஃபார்ம் சட்டை கிடந்தது. அதிலிருந்த சின்னப் பொத்தான்களை வெட்டியெடுத்துவிட்டுப் பெரிய பொத்தான்களாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவர் வந்து நின்றார். டெலிவரி வேன் ஓட்டுகிறவர். இப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தார். அவள் அவசரமாக மைக்கை அணைத்தாள்.

"ஆரம்பிச்சிட்டியா? முகம் தெரியாதவங்ககிட்டப் புலம்பினா வலி போயிடுமா?"

"போகாதுங்க. ஆனா சமாளிக்க வழி சொல்றாங்க."

"தெரிஞ்சவங்க யார் காதுலயாவது விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? வயசானா மூட்டு வலிக்கத்தான் செய்யும். இதுக்கு ஒரு கூட்டம், ஒரு நர்ஸு!"

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. இதே பேச்சைப் பேசிப் பேசி இருவருக்குமே அலுத்துப்போயிருந்தது.

"நீங்க போய்க் கொஞ்ச நேரம் படுங்க," என்றாள்.

அவர் போனார். ஆனால் படுக்கவில்லை. கூடத்து நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அவள் மீண்டும் கூட்டத்துக்குத் திரும்பியபோது நர்ஸம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு டாக்டரும் நம்மளோட இருக்கார். ஒவ்வொருத்தரா கேமராவைப் போட்டுக் கையைக் காட்டுங்க. வீக்கம் அதிகமா இருக்கறவங்களை இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லப் போறோம்."

அவள் ஊசி அப்படியே நின்றது.

சிங்கம் காட்டினார். ஒரு டீச்சர் காட்டினார். "அடுத்து நம்ம கீலம்மா!" என்றார் நர்ஸம்மா.

"கேமரா சரியில்லைங்க..."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. வெக்கப்படாதீங்கம்மா. இங்க யார் கைக்கும் அழகுப் போட்டி வைக்கல."

"சொல்றேனே டாக்டர். ரெண்டு கையிலயும் நடுவிரலும் மோதிர விரலும் வீங்கியிருக்கு. மணிக்கட்டு தொட்டா சுடுது. ராத்திரி போர்வை பட்டாக்கூடத் தாங்கல. இது போதாதா?"

டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். "இது தேய்மான வலி இல்லம்மா. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டைப் பகையாளின்னு நெனச்சு அடிக்குது. இப்படியே விட்டா விரல் கோணிடும். அப்புறம் எந்த மருந்து குடுத்தாலும் நேராகாது. கண்ணால பார்க்காம, அவசரம்னு நான் எப்படி எழுதறது?"

"இன்னிக்கு விட்டா..."

"வழக்கமான வரிசையிலதான் வரணும். மாசக்கணக்காகும்."

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இதை எப்படிக் காட்டுவது? காட்டினால், இத்தனை வாரம் தன்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

"சரிங்க டாக்டர்... அடுத்தவங்களைப் பாருங்க," என்றாள்.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. அவர் உள்ளே வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

"கேமராவைப் போடு."

"வேண்டாங்க, நான் எப்படியாவது..."

"போடுன்னு சொல்றேன்ல." அதட்டலாக ஆரம்பித்த குரல் நடுவில் உடைந்துவிட்டது.

அவள் திரையைத் தொட்டாள். இருவர் முகமும் தெரிந்தது.

"வீட்டுக்காரரா? நல்லதாப் போச்சு," என்றார் டாக்டர். "நீங்களாவது சொல்லுங்க சார், அவங்களைக் கையைக் காட்டச் சொல்லுங்க."

அவர் தன் கைகள் இரண்டையும் திரைக்கு முன்னால் நீட்டினார்.

"இவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். வலி எனக்குத்தாங்க."