தீபனின் இடத்தில்

உறுமலும் இரைச்சலுமாகப் பாடும் அந்த டெத் மெட்டல் இசைக்குழுவைத் தொடங்கியவன் இளம்பரிதி. ஒவ்வொருவராக ஆள் மாறிக்கொண்டே வந்து, ஒருநாள், கிட்டாரில் வேகம் போதவில்லை என்று அவனையே விலக்கிவிட்டார்கள். அவன் இடத்துக்கு வந்த தீபனுக்கு இப்போது வலது கை முறிந்திருந்தது. கச்சேரி நெருங்கிவிட்டதால் பாடகன் ஜெரால்டு தயங்கித் தயங்கி இளம்பரிதியைக் கூப்பிட்டான்.

"உன் பழைய பாட்டுங்களையே வாசிச்சிடலாம்டா."

"வேணாம். புதுசை அனுப்பு."

குறை கண்டுபிடிக்கத்தான் கேட்க ஆரம்பித்தான். ஒரு பாட்டில், உறுமல் அடங்கியதும் தீபனின் கிட்டார் மட்டும் தனியாக அழுதுகொண்டே மேலேறியது. இளம்பரிதி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். தனக்கு இது தோன்றியிருக்காது என்று அவனுக்குத் தெரிந்தது.

மேடையில் அதை ஒரு ஸ்வரம்கூடப் பிசகாமல் வாசித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. இறங்கி வந்தபோது கையில் கட்டோடு தீபன் உட்கார்ந்திருந்தான்.

"உங்க ஸ்டைல்ல மாத்தியிருக்கலாமேண்ணா."

"மாத்தத்தான் பாத்தேன். கை வைக்க இடமே இல்ல தம்பி."

இளம்பரிதி கிட்டாரைக் கழற்றி அவன் மடியில் வைத்தான். தீபனின் இடது விரல்கள் தாமாகவே கம்பிகளை அழுத்தின. இளம்பரிதி பக்கத்தில் உட்கார்ந்து, தன் வலது கையால் மீட்டினான்.