வெறும் சட்டி

ஐப்பசியில் பாலாறு நிறைந்துவிட்டால் அக்கரைச் சந்தைக்குப் படகுதான் வழி. படகுத்துறையைச் சுற்றித்தான் அந்தச் சந்தையும் ஊரும் வளர்ந்தன. முன்பு ஒருமுறை படகு கவிழ்ந்து ஆட்கள் மூழ்கியபோது எத்தனை பேர் ஏறினார்கள் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதிலிருந்து, ஏறும் ஒவ்வொருவரும் படகிலுள்ள சட்டியில் ஒரு கூழாங்கல் போட வேண்டும். இறங்கும்போது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கல் கிடைக்காதவர் இறங்கக் கூடாது.

1974-இல், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, அம்மாவோடு கருவாட்டுக் கூடை தூக்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டு பேர் ஏறினோம். பன்னிரண்டு கற்கள் விழுந்தன.

"இன்னா அண்ணாத்த, பாலம் வந்துட்டா இந்தக் கல்ல இன்னா பண்ணுவ?" என்று அம்மா படகோட்டி சடையனைச் சீண்டினாள்.

"உன் கருவாட்டுக் கொயம்புல போட்டுத் துன்னு," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கரையில் ஒவ்வொருவராகக் கல்லை எடுத்து இறங்கினார்கள். நான் கூச்சத்தில் கடைசியாக நின்றேன். சட்டிக்குள் கைவிட்டேன். ஈரம் மட்டும் இருந்தது.

சடையன் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"எறங்காத வச்சலா. உன்னுத யாரோ எடுத்துகினு எறங்கிட்டாங்க."

"யம்மா!" என்று கத்தினேன்.

அம்மா திரும்பவில்லை. கரைமேட்டில் அவளோடு ஒரு பெண், நான் உடுத்தியிருந்த அதே பச்சைத் தாவணியில் நடந்துகொண்டிருந்தாள். தாவணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் காலடியில் இருந்த கூடை அவள் தலையிலும் இருந்தது.

"சீக்கிரம் நட, வச்சலா," என்று அம்மா அவளிடம் சொன்னாள்.

சடையன் என்னைப் பார்க்காமல் படகைத் திருப்பினார்.