வெறும் தூக்குவாளி

ஊரடங்கு போட்டதிலிருந்து எதிர்வீட்டு ஜமீலாவின் கதவு திறக்கவேயில்லை. செண்பகவல்லி சாம்பார் ஊற்றிக் கொடுத்த தூக்குவாளியும் திரும்பி வரவில்லை. நாங்க வேற, நீங்க வேற என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவளும் அப்படி நினைத்துவிட்டாளோ என்று செண்பகவல்லி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்கமாட்டாமல் போய்க் கதவைத் தட்டினாள்.

ஜமீலா பாதிக் கதவைத்தான் திறந்தாள். கையில் கழுவித் துடைத்த வாளி.

"வெறும் பாத்திரத்த எப்படிக்கா திருப்பிக் குடுக்கறது? வீட்ல ஒண்ணுமில்ல. அதான் உங்க கண்ணுல படாம இருந்தேன்."

"அடிப்பாவி, இதுக்கா?" செண்பகவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தண்ணி இருக்குல்ல? அத ஊத்திக் குடு."

தளும்பத் தளும்ப வாங்கிவந்த தண்ணீரிலேயே உலை வைத்தாள். அரிசியை இரண்டு வீட்டுக்குமாகக் களைந்தாள்.