சம்பந்தி வீட்டுத் தெரு

"லாரி ஷெட் தெருவுல தூசு எவ்ளோம்மா காட்டுது?"

காசி ஜன்னலுக்குள் கிட்டத்தட்ட தலையையே நுழைத்துவிட்டார். வேங்கிக்கால் அரசு வளாகத்தில் அந்த கவுன்டரைத் திறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. திருவண்ணாமலை வரைபடம் கம்ப்யூட்டரில் இருக்கும். தெருப் பெயரைச் சொன்னால், அங்கே காற்றில் எவ்வளவு தூசு என்று பார்த்துச் சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர், ரேஷன் கார்டு எங்கே தருகிறார்கள் என்று கேட்கத்தான் வந்தார்கள்.

ஒரு வார லீவு முடிந்து அன்றுதான் கவுன்டர் வேலைக்குத் திரும்பியிருந்த மதிவதனி, மவுஸை நகர்த்தி அந்தத் தெருவின் மேல் வைத்தாள்.

"இருநூத்தி நாப்பது."

"அது நல்லதா, கெட்டதா?"

"நூறத் தாண்டக் கூடாதுங்க ஐயா. உங்க வீடு அங்கயா?"

"எங்க வீடு இங்கதான், குறிஞ்சி நகரு. என் பொண்ணு அங்க வாழப் போறா. ஞாயித்துக்கெழம நிச்சயம்."

குறிஞ்சி நகரையும் பார்க்கச் சொன்னார். ஐம்பத்தைந்து. காசி லாரி ஷெட் தெருவை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்.

"ஏங்க ஐயா, பொண்ணுக்கு ஒடம்புக்கு ஏதாவது..."

காசி பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீசிங்கும்மா. நெல்லு தூசு ஆவலன்னுதான் கீழ்பென்னாத்தூர வுட்டுட்டு இங்க வீடு கட்டி வந்தோம். நாலு வருஷமா நல்லா இருக்கா."

"மாப்ள வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா யாரு கட்டிக்கிறாங்க? மூணு எடத்துல சொன்னோம். மூணும் நின்னுபோச்சி. இந்தத் தடவ வாய மூடிக்கினோம்."

"சொல்லிடுங்க ஐயா. கல்யாணம் ஆன மறுநாளே தெரிஞ்சிடப் போவுது."

"யாருகிட்ட, அந்த அப்பாதுரைகிட்டயா?" மாப்பிள்ளையின் அப்பா பெயரைச் சொல்லும்போதே காசிக்கு முகம் சுருங்கியது. "பொண்ணு பாக்க வந்த மனுஷன் பொண்ணையே சரியா பாக்கலம்மா. நகை எவ்ளோன்னு ஒரு வார்த்த கேக்கல. நேரா மாடிக்கு ஏறிட்டாரு. காத்து எந்தப் பக்கம் வருது, கிட்ட ரைஸ் மில்லு இருக்கா, செங்கச் சூளை இருக்கான்னு ஒரே கேள்வி. வீட்ட எடை போடறாரு. தாலி ஏறினதும் மாடிய எழுதிக் குடுன்னுவாரு, பாரு."

"பையன் எப்டி?"

"பையன் தங்கம். ஒரு மூலையில ஒக்காந்தான், போற வரைக்கும் வாயே தெறக்கல. அப்பன்தான் ஆச புடிச்ச ஆளு. அவருகிட்டப் போயி, என் பொண்ணு நந்தினிக்கு மூச்சு முட்டும்னு சொல்லச் சொல்றியா?"

பேசப் பேச அவருக்குக் கோபம் ஏறியது. கோபத்தைவிட பயம் ஜாஸ்தி. பொத்திப் பொத்தி வளர்த்த பெண்ணை லாரிப் புகையில் கொண்டுபோய்த் தள்ளுகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நிறுத்திவிட்டால், இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு இனிமேல் எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்றும் இருந்தது.

ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நிறுத்திடறேம்மா. கல்யாணம் இல்லன்னாலும் பரவால்ல, எம்பொண்ணு உயிரோட இருந்தா போதும். இப்பவே போயி சொல்லிட்டு வந்துடறேன்."

மதிவதனிக்குப் பாவமாக இருந்தது.

"சரிங்க ஐயா. போறதுக்கு முன்னாடி இதுல எழுதிட்டுப் போங்க. கேக்க வர்ற எல்லாரும் எழுதணும்."

நீளமான நோட்டு ஒன்றை ஜன்னல் வழியாகத் தள்ளினாள். பெயர், விலாசம், கேட்ட இடம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்த காசி, 'காரணம்' என்ற கட்டத்தில் நின்றுவிட்டார். மற்றவர்கள் என்னதான் எழுதுகிறார்கள் என்று மேல் வரியைப் பார்த்தார்.

'அப்பாதுரை, லாரி ஷெட் தெரு. கேட்ட இடம்: குறிஞ்சி நகர். காரணம்: மகனுக்கு இழுப்பு நோய். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டுப் பக்கமே குடிவைக்கலாமா என்று பார்க்க.'

காசி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.