சிரங்குப் பாய்

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெள்ளையம்மா பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, வாத்தியாரின் நாற்காலியில் ஒரு ஜப்பான்காரர் உட்கார்ந்திருந்தார்.

நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும்.

மூன்று வாரமாக அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் ஆட்சியில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. சாயங்காலமானால் வாலிபப் பிள்ளைகள் கொட்டகையில் கூடி நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, படிக்க வேண்டும் என்று உத்தரவு. பரீட்சை தேறியவனுக்கு ஆபீசில் வேலை, அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பமாட்டார்கள் என்று கூலி லயம் முழுக்கப் பேச்சு.

சயாமுக்குப் போன பதினெட்டுப் பேரில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. அவளுக்கோ தம்பி கனகராஜை விட்டால் வேறு யார்? அம்மா கண்ணை மூடியபோது அவன் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கிக்கொண்டே ரப்பர் பால் வெட்டி வளர்த்தவள் அவள்தான்.

அப்பேர்ப்பட்டவனைச் சதாசிவம் வாத்தியார் பெஞ்சில் உட்காரவிடவில்லை.

வாசலில் நின்று ஒவ்வொருவன் கையையும் புரட்டிப் பார்ப்பார். விரலிடுக்கில் சொறி சிரங்கு கண்டால், கடைசியில் கிடக்கும் கோரைப் பாய்க்குப் போக வேண்டும். பொதுச் சிலேட்டைத் தொடக்கூடாது, பொதுப் புத்தகத்தைத் தொடக்கூடாது, பரீட்சைக்கும் பெயர் போகாது. சவுக்காரத்தைக் கண்ணால் பார்த்தே ஒரு வருஷமாகிவிட்ட காலம். ஒருவனுக்கு வந்தால் பெஞ்சு முழுக்க வரும். நியாயமான சட்டம்தான், அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஆனால் கனகராஜுக்கு இருந்தது ஒரே ஒரு கொசுக்கடி! அதற்காகவா பாய்?

அப்படியும் அவள் சும்மா இருக்கவில்லை. வேப்பிலை அவித்து ஊற்றினாள். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, அவன் கத்தக் கத்தத் தேய்த்தாள். எங்கிருந்தோ ஒரு சிட்டிகைக் கந்தகம் வாங்கிவந்து குழைத்துத் தடவினாள். கொசுக்கடித் தழும்புகூட இல்லாமல் போயிற்று.

மறுநாளும் வாத்தியார் கையைப் பார்த்தார், பாயைக் காட்டினார். அதற்கு மறுநாளும் பாய்தான்.

பாயில் ஆறு பேர். அத்தனையும் கேட்க நாதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தகப்பன் இல்லாதவன் என்றால் இந்த மனுஷனுக்கு அவ்வளவு இளப்பமா?

அவளைக் கண்டதும் வாத்தியார் பாதித் தூரம் ஓடிவந்து மறித்தார்.

"ஒரு வாரம் பொறுத்துக்கம்மா வெள்ளையம்மா. நான் பாத்துக்கறேன், தம்பிய கூட்டிக்கிட்டுப் போ," என்றார், உதடு அசையாமல்.

"நீங்க பாத்த லட்சணம் போதும் வாத்தியாரே!"

அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு, ஜப்பான்காரர் முன்னால் போய் நின்றாள். தம்பியின் கைகளை விரித்துக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அரைகுறை மலாய். அன்றைக்கென்று பார்த்து அது தடங்கலில்லாமல் வந்தது. தாங்கான் பெர்சே, துவான். கை சுத்தமாக இருக்கிறது, துரையே.

அவர் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்படியே மேலே போய்த் தோளையும் ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். 'பாகுஸ்', நல்லது என்று சிரித்துவிட்டுப் பெஞ்சைக் காட்டினார்.

கனகராஜ் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எப்படி என்பதுபோல் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் இவள் பக்கமே திரும்பவில்லை.

ஜப்பான்காரர் எழுந்தார். பெஞ்சில் இருப்பவர்கள் வரிசையில் நிற்கட்டும் என்று மலாயில் சொன்னார். பாயைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அவர்கள் வேண்டாம், லாரி முழுக்கச் சொறி பரவிவிடும் என்றார்.

லாரியா?

வெள்ளையம்மா வாசலுக்கு ஓடினாள். ரப்பர் மரத்தடியில் ஒரு லாரி நின்றது. வரும்போது பார்த்ததுதான், அரிசி லாரி என்று நினைத்துவிட்டாள். தார்ப்பாய்க்குள்ளே பாலோ தோட்டத்து ஆட்கள், மடியில் துணிமூட்டையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கே என்று கேட்டாள். சயாமுக்கு என்று ஒருவன் சொன்னான்.

திரும்பிப் பாயைப் பார்த்தாள். மீதி ஐந்து பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் விரலிடுக்கிலும் ஒரு பொட்டுப் புண் இல்லை. மூன்று வாரத்தில் மற்றவன் பிள்ளையின் கையை அவள் ஒருநாளும் பார்த்ததே இல்லை. ஐந்தும் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளைகள். எல்லாரையும் பாயில் போட்டால் ஜப்பான்காரன் நம்புவானா? வாத்தியாரால் ஒளிக்க முடிந்தது ஆறு பேரைத்தான்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாள்!

"கூடிஸ், துவான், கூடிஸ்! எந்தம்பிக்குச் செரங்கு! நான் சொன்னது பொய்யி!"

தலையில் அடித்துக்கொண்டு அவர் காலில் போய் விழுந்தாள். அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு கனகராஜைப் பார்த்து நிப்பொங்கோவில் ஏதோ கேட்டார்.

கனகராஜுக்கு அக்காவின் கூச்சல் மானக்கேடாக இருந்தது. பரீட்சை எழுதக் குளுவாங் டவுனுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். இந்த நேரத்தில் போய் மறுபடியும் சிரங்கா?

கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, வாத்தியார் பழக்கியபடி இடுப்பை வளைத்து வணங்கினான்.

"வதாஷி வா கென்கோ தெசு."

நான் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.